காரியமில்லாமல் பஸ் ஏறினோம்

நாங்கள் மனை வாங்கியபோது பக்கத்து மனையை வாங்கியது ஒரு சேலத்துக்காரப் பெண். புரோக்கர் ஓசூரிலிருந்து எங்கள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றி இடம் காட்டக் கூட்டிப்போனார். என் மனைவியும் அந்தப் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். சூளகிரிக்கு முன்னால் வேன் நெடுஞ்சாலையை விட்டு மண் ரோட்டில் இறங்குவதற்குள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி ஆகிவிட்டார்கள்.

“அடுத்தடுத்த மனையா எடுத்துக்கலாம்க்கா. நடுச்சுவர இடுப்பு உசரத்துக்கு வச்சாப் போதும். கொழம்புக் கிண்ணத்தக் கை மாத்திக்கலாம்” என்றாள் அவள்.

“சுவரே எதுக்குங்கேன்” என்றாள் என் மனைவி.

புரோக்கர் எல்லோருக்கும் புளிசாதப் பொட்டலம் கொடுத்தார். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளையார் கோயில் எங்கே வரும், ரேஷன் கடை எங்கே வரும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் மளிகைக் கடை வைக்கப்போவதாகச் சொன்னார். இன்னொருத்தர் அவரிடம் அப்போதே கடன் சொல்லிச் சிரிக்க வைத்தார். நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அது எனக்கு ஒரு ஊர் மாதிரியே தெரிந்தது. அந்த மனைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒன்றாக நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

நாங்கள் வீடு கட்டினோம். சேலத்துக்காரி வரவில்லை. அவள் மனையில் நாலு மூலையிலும் நட்ட கல்லும், கல்லில் சிவப்பு பெயின்ட்டில் எழுதின நம்பரும்தான் இருந்தன. என் மனைவி அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் இடுப்பளவோடு நிறுத்தச் சொன்னாள்.

“அந்தப் பக்கம் யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டார் கொத்தனார்.

“வருவாக” என்றாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓசூரில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில், வார்த்தெடுத்த காஸ்டிங்கின் பிசிறைக் கிரைண்டிங் மிஷினில் தேய்த்து எடுக்கிற வேலை எனக்கு. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த வேலை அமைந்ததே பெரிசு. பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்தேன். பிறகு பர்மனன்ட் பண்ணினார்கள்.

அதுவரைக்கும் ஓசூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக அறைகள், பொதுவில் ஒரு குழாய், பொதுவில் ஒரு கக்கூஸ். கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அடுப்பு தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகளைத் தாண்டிக் குளிக்கப் போவது எனக்குத் தினம் ஒரு தண்டனை. யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னால் எழுந்து குளித்துவிடுவேன். என் மனைவிக்கு அந்த இடம்தான் சொர்க்கம். திருச்சிக்காரி, நாகர்கோயில்காரி, தர்மபுரிக்காரி, கன்னடம் பேசுகிற வீட்டுக்காரம்மா எல்லோரோடும் காலையில் தண்ணீருக்குச் சண்டை போடுவாள். சாயங்காலம் அவர்கள் தலையில் பேன் பார்ப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த லைனில் மற்றவர்களுடைய பிள்ளைகள் எங்கள் பாயில்தான் பாதி நேரம் தூங்கும்.

சொந்த வீடு வேண்டும் என்றது நான்தான். கம்பெனியில் கடன் கொடுத்தார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஓசூருக்குள் அந்தப் பணத்துக்கு ஒரு குழி நிலம்கூட வராது. அதனால் இவ்வளவு தூரம் வந்தோம். அவள் சம்மதித்தது வீட்டுக்காக இல்லை. வேனில் வந்த ஜனங்களுக்காக.

எங்கள் நகரை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஊர்தான். நுழைவாயிலில் சிமென்ட் வளைவு, அதில் புரோக்கருடைய முதலாளி மகள் பெயர். உள்ளே நேர்நேராக ரோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. கேழ்வரகு விளைந்த காட்டை உழுது நிரவிப் போட்ட ரோடுகள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கல். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கல். நடுநடுவே, மறந்து விட்டுவிட்டுப் போனது மாதிரி ஒரு வீடு. எல்லாம் சேர்த்து ஏழெட்டு வீடு இருக்கும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டைக் கூப்பிட்டால் கேட்காது. சுற்றுவட்டாரத்தில் எங்கள் இடத்துக்கு யாரும் நகர் என்று சொல்லவில்லை. கல்லு நகர் என்றார்கள். கம்பெனி வரும், கம்பெனி வந்தால் ஜனம் வரும் என்று வாங்கிப்போட்டவர்கள் எல்லோரும் அவரவர் ஊரில் இருந்துகொண்டு விலை ஏறுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கிறவர்களுடைய இடத்துக்கு நடுவில் நாங்கள் குடியிருந்தோம்.

நான் சைக்கிளில் நெடுஞ்சாலை வரைக்கும் போய், அங்கே வருகிற கம்பெனி வண்டியில் ஏறிவிடுவேன். கம்பெனிக்குள் போனால் சத்தமும் ஆளும். திரும்பி வரும்போது அந்த அமைதி எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் மட்டும் நாள் முழுக்க அதற்குள் இருந்தாள். காற்று அடித்தால் தகரக் கதவு ஆடும். கதவு ஆடினால் யாரோ வந்துவிட்டதாக எழுந்துபோய்ப் பார்ப்பாள்.

“என்னமும் விசேஷம் உண்டா?” என்று வந்ததும் கேட்பேன்.

“இன்னைக்கு ரெண்டு ஆடு வந்துச்சு. ஒண்ணு நம்ம வாசல்ல நின்னு பாத்துட்டுப் போச்சு. இன்னொண்ணு பாக்கவே இல்ல. கொஞ்சம் தலக்கனம் போலருக்கு” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், முதல் வருஷத்தில்.

ரெண்டாவது வருஷத்தில் சிரிப்பு குறைந்தது. “மனுச வாடையே இல்லாத எடத்துல எப்பிடிங்க இருக்கது?” என்பாள். வந்துருவாங்க என்பேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

பஸ் வந்தது மிலிட்டரிக்காரரால். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து வந்த பணத்தில் எங்களுக்கு மூன்று ரோடு தள்ளி வீடு கட்டி, அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மனுக்கொடுத்து, டெப்போவுக்கு நடந்து, எங்கள் நகருக்குள் வந்து போகிற மாதிரி ஒரு டவுன் பஸ்ஸை வாங்கிவிட்டார். காலையில் வந்து சூளகிரிக்கு ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். முதல் நாள் பஸ் வளைவுக்குள் நுழைந்தபோது என் மனைவி சூடம் காட்டினாள். டிரைவர் வெட்கப்பட்டு ஆரன் அடித்தார்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் கண்டக்டர் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்.

“ஏண்ணா, நான் டெப்போல பேச்சு வாங்கறேன். உங்க கல்லயெல்லாம் சுத்திட்டு வர்றதுக்கு டீசலு ஆவுது, டிக்கெட்டு ஆவல. இப்டியே போச்சுன்னா டிரிப்ப வெட்டிருவாங்க” என்றார் மிலிட்டரிக்காரரிடம்.

அன்றைக்கு மிலிட்டரிக்காரர் எல்லா வீட்டுக்கும் வந்தார்.

“வேல கீதோ இல்லியோ, தெனம் வீட்டுக்கு ஒரு ஆள் பஸ் ஏறணும். டியூட்டி மாதிரி. ஆள் ஏறலன்னா பஸ் நிக்கும். பஸ் நின்னா நாளைக்கு வீடு கட்ட வர்றவன் ரோட்டப் பாத்துட்டே திரும்பிப் பூடுவான். புரியுதா தம்பி?”

நான் தலையை ஆட்டினேன். அவர் மனைவி பின்னால் நின்றுகொண்டு என் மனைவியிடம் சொன்னார்: “பட்டாளத்துல இவரு சமையக்கட்டுலதாம்மா இருந்தாரு. இப்பத்தான் மொத சண்ட போடறாரு. போயிட்டுப் போறாரு, ஏறிருங்க.”

அப்படித்தான் காரியமே இல்லாமல் பஸ் ஏறுகிற வழக்கம் எங்கள் நகரில் வந்தது. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்குமா என்று தெரியவில்லை. காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டுக்காரர் அவருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுப்பார். ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், கையில் இரண்டு டிக்கெட் இருக்கும். எனக்கு லீவு நாளில் டியூட்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து சூளகிரி போய், டீ குடித்து, பஸ் ஸ்டாண்டில் நின்று போகிற வருகிற லாரிகளைப் பார்த்துவிட்டு வருவேன்.

என் மனைவிக்கு அது டியூட்டியாக இல்லை. என் லீவு நாளிலும்கூட விடாமல் தினம் ஏறினாள். கூடவே ஒரு தெலுங்குக்கார அக்காவும் ஏறும். அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் ரோஜா வளர்க்கிற கூடாரத்தில் காவல் வேலை பார்த்தார். முதல் வருஷம் முழுக்க அந்த அக்காவும் என் மனைவியும் பார்த்துக்கொண்டால் சிரிப்பதோடு சரி. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவரவர் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள்.

“எங்கம்மா போறீங்க?” என்று கண்டக்டர் கேட்பார்.

“நீ எங்க போறியோ அங்கதான்பா” என்று அந்த அக்கா தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லும்.

“நான் டெப்போக்குப் போறேன்.”

“அப்ப எங்களயும் அங்கயே கட்டிப் போட்டுக்கோ.”

இந்தப் பேச்சைச் சாயங்காலம் வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள். கொஞ்ச நாளில் சூளகிரியில் ஒரு டெய்லர் கடையில் கொக்கி கட்டவும், சேலைக்கு ஓரம் அடிக்கவும் ஆள் வேண்டும் என்று சேர்ந்துகொண்டாள். கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிற பொம்பளைகளோடெல்லாம் பழக்கம் ஆனது. சந்தை நாளில் கடையில் சொல்லிவிட்டு வேறு பஸ் பிடித்துக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கே போய்விட்டு வருவாள். அது மாட்டுச் சந்தை. மாடு வாங்கவா போனாள்? ஒன்றும் வாங்க மாட்டாள். “இடிச்சுக்கிட்டு நடந்தேங்க. ஒரு கெழவன் கால மிதிச்சுட்டு என்னயவே வஞ்சான்” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஒண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது. போன வருசம் சாத்தூருப் பக்கம் எங்க அக்கா வீட்டுக்கே போயிருவம்னுதான் இருந்தேன். துணியக்கூட எடுத்து வச்சுட்டேன். இந்த பஸ்ஸு வந்ததுனால இருக்கேன். இது ஓடுற வரைக்கும் இருப்பேன்.”

ரசம் ஊற்றச் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து லீவு நாளில் அந்த பஸ்ஸின் ஆரன் கேட்கிற வரைக்கும் நானும் வாசலில் நிற்க ஆரம்பித்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கண்டக்டர் ஒரு செய்தி சொன்னார். டெப்போவில் இருந்து ஒரு செக்கிங் அதிகாரி வரப்போகிறார். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுதுவார். அவர் எழுதுகிறதைப் பார்த்துத்தான் டிரிப் இருப்பதும் போவதும். எந்த நாள் என்பதையும் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்.

மிலிட்டரிக்காரர் வீட்டு வாசலில் கூடினோம். எல்லா வீட்டிலும் எல்லோரும் ஏறினாலும் பாதி பஸ் நிறையாது.

“தெக்க இருக்க ஊர்ல கூப்பிட்டா என்ன?” என்றாள் என் மனைவி.

எங்கள் நகருக்குத் தெற்கே, தைல மரத் தோப்பைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு பழைய ஊர் உண்டு. முக்கால்வாசி தெலுங்கு பேசுகிறவர்கள். தக்காளி, கொள்ளு, ஆடு மாடு என்று இருப்பவர்கள். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. சூளகிரிக்குப் போக வேண்டியவர்கள் தோப்பு வழியாக நடந்து வந்து எங்கள் பஸ்ஸில் எப்போதாவது ஏறுவார்கள். டெய்லர் கடைப் பழக்கத்தில் அந்த ஊர்ப் பொம்பளைகள் பாதிப் பேரை என் மனைவிக்குத் தெரியும்.

“நல்ல யோசன. ஆனா சும்மா வாங்கன்னா வருவாங்களா?” என்றார் மிலிட்டரிக்காரர்.

“சும்மா எப்பிடிக் கூப்புடுறது? மொறையாக் கூப்புடணும்” என்றாள்.

மறுநாள் அவளும் தெலுங்குக்கார அக்காவும் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார்கள். நான் பின்னால் பழப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடாக நின்று குங்குமம் கொடுத்தார்கள்.

“ஏமி விசேஷமம்மா?” என்று கேட்டாள் ஒருத்தி. யாருக்கு என்ன விசேஷம் என்று அவளுக்குப் புரியவில்லை.

“பஸ்ஸுக்குத்தான் விசேஷம். குடும்பத்தோட வந்து ஏறணும்” என்றாள் என் மனைவி.

“மொய் உண்டா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“டிக்கெட்டுதான் மொய்” என்றதும் தெருவே சிரித்தது.

அன்றைக்கு நான் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவள் அப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரையும் அழைத்திருக்க மாட்டாள்.

செக்கிங் நாள் காலையில் எங்கள் வாசலில் அடுப்பு மூட்டி ஒரு பெரிய பாத்திரம் உப்புமா கிண்டினோம். மிலிட்டரிக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். தோப்புப் பக்கமிருந்து முதலில் பேச்சுச் சத்தம்தான் வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். பட்டுச்சேலை கட்டி வந்தவர்களும் உண்டு. இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குவாளி, ஒருத்தர் சூளகிரியில் விற்கக் கோழியும் கொண்டுவந்திருந்தார். இடுப்பளவுச் சுவரில் உட்கார்ந்து பிள்ளைகள் உப்புமா தின்றன. என் மனைவி யாரையும் விடாமல் “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்று போட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் எங்கள் தெரு ஒரு தெரு மாதிரி இருந்தது.

பஸ் வந்தது. செக்கிங் அதிகாரி முன் படிக்கட்டில் நின்றார். மரியாதையான ஆள், குரல் உயர்த்தாதவர். கூட்டத்தைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. எல்லோரும் ஏறினோம். உட்கார இடம் போதாமல் நானும் இன்னும் பலரும் நின்றோம். என் மனைவி இரண்டு பொம்பளைகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்து, மடியில் யாருடைய பிள்ளையையோ வைத்திருந்தாள்.

அதிகாரி ஒவ்வொரு சீட்டாக வந்தார். எத்தனை பேர் என்று எண்ணுவார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் கேட்டது வேறு.

“எந்த ஊரும்மா?”

முதல் சீட்டில் இருந்த பொம்பளை தன் ஏரிக்கரை ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

“நீங்க?”

அவரும் அதே ஊரைச் சொன்னார். அடுத்தவரும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்கிற மாதிரி, கேட்பதற்கு முன்னாலேயே சிலர் சொன்னார்கள். அவர்கள் ஊர்ப் பெயரை ஒரு அதிகாரி அதுவரைக்கும் கேட்டதில்லை போல. எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. வாங்க, ஏறுங்க, உட்காருங்க என்று அழைத்தோமே தவிர, கேட்டால் எந்த ஊர் என்று சொல்லுங்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் சொல்லியிருப்பார்களா? சொந்த ஊரை மாற்றிச் சொல் என்று நாமே விருந்துக்குக் கூப்பிட்டு வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

மிலிட்டரிக்காரர் எழுந்தார். “சார், இவங்கல்லாம் நம்ம நகருக்கு…” என்று ஆரம்பித்தார்.

அதற்குள் கோழி வைத்திருந்த பெரியவர் முந்திக்கொண்டார். “எங்க ஊருக்கு பஸ்ஸே கெடையாது சாமி. தோப்பத் தாண்டி நடந்து வந்துதான் ஏறறோம். மழ வந்தா அதுவும் இல்ல.” அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசி வரை அந்தப் பிள்ளைக்கு ஜன்னல் வழியாக மலையைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு பஸ் வழக்கம்போல் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே இருந்தோம். ஒருநாள் காலை வரவில்லை. ரிப்பேர் என்று நினைத்தோம். மறுநாளும் வரவில்லை. அன்று மத்தியானம் அந்த ஊரிலிருந்து மூன்று பொம்பளைகள் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

“எங்க ஊருக்கு பஸ் ஒச்சிந்தம்மா, வந்துருச்சு. நாளைக்கு மால போட்டுப் பூச. நீங்கதான் மொதல்ல வரணும். எல்லாம் உங்களாலதான்” என்றாள் மூத்தவள்.

ஏரிக்கரையைச் சுற்றி வேறு ரோட்டில் அந்த ஊருக்கே வண்டியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவர்களிடம் கள்ளம் ஒன்றும் இல்லை. நாங்கள் இல்லாமல் அவர்களுக்கு பஸ் இல்லை என்பதைத்தான் சொல்ல வந்திருந்தார்கள். அவர்களுக்கு வந்தது எங்களுடையது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவி குங்குமம் எடுத்துக்கொண்டாள். “வாரோம்” என்றாள்.

“நீ போகணுமா?” என்றேன், அவர்கள் போன பிறகு.

“நாம கூப்பிட்டப்ப அவுக வந்தாகள்ல” என்றாள்.

போனாள். பூசையில் அவள் கையால்தான் தேங்காய் உடைக்கச் சொன்னார்களாம். சரியாக இரண்டாக உடைந்ததாம். அதை மட்டும்தான் எனக்குச் சொன்னாள்.

மிலிட்டரிக்காரரோடு நான் டெப்போவுக்குப் போனேன். துணைக்குத்தான். பேசினது முழுக்க அவர். அங்கிருந்த மேலதிகாரி எங்களை உட்காரச் சொல்லிக் கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஏறினவங்க எல்லாம் அந்த ஊருன்னு சொல்லிருக்காங்க. ஜனம் இருக்கிற எடத்துக்குத்தான வண்டி போவும்? உங்க நகர்ல எத்தன குடும்பம்?”

மிலிட்டரிக்காரர் கொஞ்சம் யோசித்தார். “முன்னூறு மனை கீது சார்” என்றார்.

“மனைக்கு டிக்கெட் போட முடியாதே சார்” என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். வெளியே வந்து மிலிட்டரிக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

என் மனைவி கொஞ்ச நாள் தோப்பு வழியாக அந்த ஊருக்கு நடந்துபோய் பஸ் ஏறினாள். தெலுங்குக்கார அக்காவுக்கு முழங்கால் முடியாமல் நின்றுவிட்டது. பிறகு கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கியிருக்கிறது, தோப்புப் பக்கம் போகவேண்டாம் என்று சொன்னார்கள். யானை போய் மழை வந்தது. பாதை சேறானது. நேரத்துக்கு வர முடியவில்லை என்று டெய்லர் சூளகிரியிலேயே ஒரு ஆளைப் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் வீட்டில் இருந்தாள். கதவு ஆடினாலும் எழுந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். வேலை முடிந்து வந்து என்னமும் விசேஷம் உண்டா என்று கேட்பேன். இல்லை என்பாள். ஆட்டுக் கதை சொல்லமாட்டாளா என்று இருக்கும். சாப்பாடு ருசி குறையவில்லை, வீடு கூட்டாமல் இல்லை. பேச்சு மட்டும் போய்விட்டது. எனக்கும் பேசத் தெரியாது. அதுவரை வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அவள்தான் என்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

“எத்தன நாளைக்கு?”

மடித்துக்கொண்டே இருந்தாள்.

“ஓசூருக்கே திரும்பிப் போயிருவோம். பழைய லைன் வீட்ல கேட்டுப் பாக்குறேன்” என்றேன்.

“இந்த வீட்டுக் கடனுக்குச் சம்பளத்துல பிடிக்கிறதும் பிடிச்சு, அங்க வாடகையும் எதக் கொண்டு குடுப்பீக? இத வாங்க ஆள் உண்டா, வாடகைக்கு வர ஆள் உண்டா?”

இரண்டுமே இல்லை. புரோக்கரிடம் முன்பே கேட்டுவிட்டேன். இன்னும் கொஞ்ச வருஷம் பொறுங்கண்ணா, ஏறும் என்று மட்டும் சொன்னார்.

“அப்ப நானும் வேலைய விட்டுட்டு வாரேன்.”

அதற்கு அவள் சேலையைக் கீழே வைத்தாள். “வந்து? தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குவீகளா? இத்தன வருசம் இரும்புத்தூசியத் தின்னு இப்பத்தான் பர்மனன்ட் ஆயிருக்கீக. அந்த வேலைய விட்டா இந்த வயசுல யாரு சேப்பாக?” பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். “உங்க மேல எனக்குக் குறை இல்ல. நீங்க நல்லாத்தான் வச்சிருந்தீக. ஊருதான் இல்ல.”

ஏரிக்கரை ஊருக்கு வருகிற அந்த பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு தோப்பு வழியாக இரண்டு பேரும் நடந்தோம். அங்கே எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள். ஊருக்கா, எப்போது திரும்புகிறாய் என்று சுற்றி நின்று கேட்டார்கள். ஒருத்தி ஒரு பை தக்காளி கொடுத்தாள். பஸ் கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். எனக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் தெலுங்குக்கார அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் மகன் வந்து கூட்டிப்போனான். ரோஜாக் கூடாரத்துக்கு வேறு காவல்காரர் வந்தார், அவர் அங்கேயே படுத்துக்கொண்டார். மிலிட்டரிக்காரர் மனைவிக்கு மூச்சுத் தொந்தரவு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வேலூருக்கே போய்விட்டார்கள். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, “அப்பப்ப தொறந்து காத்து வாங்க வுடு தம்பி” என்றார். இன்னும் தொறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் அவள் அக்கா வீட்டுக்குப் போவேன். ஒடுக்கமான தெரு. இந்த வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வீட்டு ஜன்னலுக்குக் கை நீட்டலாம். அவள் அக்காவோடு தீப்பெட்டி ஆபீஸ் போகிறாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தாள். நான் போனால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். தெருப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கும். “ஓசூர்க்காரரு வந்துட்டாக. எத்தன நாள் லீவு?” என்று எதிர்வீட்டு அம்மா தினமும் கேட்பார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொல்வேன். சத்தம் தாங்காமல் மத்தியானம் ஊருணிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

போன பொங்கலுக்குப் போனபோது, கிளம்புகிற காலையில் தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“அங்க இப்ப எத்தன வீடு ஆச்சு?”

“ரெண்டு கூடிருக்கு” என்றேன்.

கூடவில்லை. இரண்டு குறைந்துதான் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் பொய் சொல்வதை அவள் பார்த்ததில்லை. நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வா என்று நான் கூப்பிடவில்லை. இருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

“பரவால்லையே” என்றாள். எதிர்வீட்டில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, இந்தா வந்துட்டேன் என்று ஓடினாள்.